போர்ஷே வீட்டில் பிறந்த பென்ஸ்!

ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் எஸ்-6 ரயில் ஏறி, போர்ஷே பிளாட்ஸ் பக்கம் இறங்குங்க. ஸ்டேஷனை ஒட்டியே போர்ஷே தொழிற்சாலை. ஏரியா பேர் ஸுஃபன்ஹவுசன். 2009ல் திறந்த மியூசியத்துல எல்லாரும் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து வாயைப் பிளப்பாங்க. நாம தேடி வந்தது, இதே வளாகத்தில் உருவான ஒரு பென்ஸ்!

'போர்ஷே வீட்ல பென்ஸா'ன்னு முழிக்காதீங்க. குடும்பத்தோட போற சாது செடானுக்குள்ள 5 லிட்டர் வி8 இன்ஜினை இறக்க ஆசைப்பட்டது மெர்சிடிஸ். 326 குதிரைசக்தி! இன்ஜின் அடைச்ச அடைப்புல, பேட்டரியை டிக்கிக்குத் தள்ளிட்டாங்க. மட்கார்டை அகலமாக்கினதும் வந்தது வினை. சிண்டல்ஃபிங்கன் பென்ஸ் ஆலையின் லைனுக்குள்ள கார் நுழையலை.

அப்ப போர்ஷேவுக்கு விற்பனை படு டல். கைதேர்ந்த ஆள் இருக்கு, வேலை இல்லை. பிறகென்ன... பாடியை இங்கே கட்டி, பெயின்ட்டுக்கு சிண்டல்ஃபிங்கன் அனுப்பி, மறுபடி லாரியில் இங்கே கொண்டுவந்து பூட்டினாங்க. ஒரு காருக்கு 18 நாள்! 1990 முதல் 1995 வரை மொத்தமே 10,479 கார்தான். அதுதான் 500 ஈ.

இப்ப வாங்குறவங்க முதல்ல பார்க்க வேண்டியது ஒயரிங். அந்தக்கால ஒயர் உறை, இன்ஜின் சூட்டுல பொடிப்பொடியா உதிரும். புதுசு மாத்தியே ஆகணும். சரி, மாத்துங்க. ஆனா சிலர் ராட்சஸ வீல், ஸ்பாய்லர்னு மாட்டி அலங்கோலம் பண்றாங்களே, அதான் வயிற்றெரிச்சல்! ஜெர்மன் டாக்சிக்காரங்க ஓட்டின பென்ஸும் கிட்டத்தட்ட இதே முகம்தான். சிக்னல்ல பக்கத்துல நிக்கிறவனுக்கு, பச்சை விழுற வரைக்கும் வித்தியாசமே தெரியாது பாஸ்!