வளைந்த விரல்களோடு ஒரு டாக்டர்

நாலு வருஷமாக, காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்கிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. மடங்கினால் அன்றைக்குத் தையல் மெஷினில் உட்காரலாம். மடங்காவிட்டால், வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும்.

கோவில்பட்டியில் பதினெட்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். முதலில் விரல் வீங்கியபோது, "ராத்திரி பகலா தைச்சா வீங்கத்தான் செய்யும்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனேன். முடக்குவாதம் என்றார். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோயாம்.

"மெஷினை வித்துருவோமா?" என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். என் மேல் உள்ள அக்கறையில் கேட்டதுதான். ஆனாலும் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அந்த மெஷின்தான் அவள் ஃபீஸ்.

அந்த வாரம் எட்டயபுரத்திலிருந்து பெரியம்மா வந்தார். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா அழுத? நம்ம வடமலாபுரத்துக் கண் டாக்டருக்கும் இதே சீக்குதான் தாயி. அவரு கத்தி பிடிச்சாரு. நீ கத்திரி பிடிக்க மாட்டியா?" என்றார்.

டாக்டர் வெங்கடசாமியைத்தான் சொன்னார். பெயர் எனக்குத் தெரியும். எங்கள் ஆச்சிக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில்தான் புரை ஆபரேஷன் நடந்தது. முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய், காசு வாங்காமல் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த அன்று ஆச்சி என்னைப் பார்த்து, "என்னட்டி, இவ்வளவு கறுத்துட்ட!" என்றது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமனையைத் தொடங்கியவரின் கைகள் பற்றி எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன்.

எட்டயபுரம் பக்கத்து அயன்வடமலாபுரத்தில், 1918 அக்டோபர் 1 அன்று, ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அதே கரிசல் காடு, அதே வானம் பார்த்த பூமி. உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவ காலத்தில் அடுத்தடுத்து இறந்துபோக, பிரசவ டாக்டராக வேண்டும் என்று முடிவெடுத்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, 1944இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவரானார்.

அங்கேதான் முடக்குவாதம் வந்தது. 1948இல் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்கில் படுக்கை. பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. இன்று நான் விழுங்கும் மாத்திரைகள் அந்தக் காலத்தில் இல்லை. விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிட்டன. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு முடிந்தது.

கண் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். வளைந்த விரல்களுக்குள் கத்தியைப் பிடிக்கப் பழகினார். தன் கைக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர். இருபது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ. 1976இல், 58 வயதில் ஓய்வு. எல்லோரும் ஈஸிசேர் வாங்கும் வயதில், தம்பி தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். காசு உள்ளவர்கள் கொடுப்பதில் இல்லாதவர்களுக்கு இலவசம் என்பதுதான் கணக்கு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை எட்டாததாக இருந்ததால், 1992இல் அதையும் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள்.

2006 ஜூலை 7இல் அவர் காலமானார். அந்த விரல்கள் செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

படித்து முடித்ததும் எனக்கு வலி போய்விடவில்லை. ஆனால் 'தன் கைக்கு ஏற்ற கருவிகள்' என்ற இடத்திலேயே மனசு நின்றுவிட்டது. கையை மாற்ற முடியாது, கருவியை மாற்றலாமே!

கத்திரியின் பிடியில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றினேன். மெஷினுக்கு மோட்டார் போட்டேன். கொக்கி வைப்பதையும் கையால் அடிக்கும் மடிப்பு வேலையையும் பக்கத்துத் தெருப் பெண்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்து, கூலிக்குக் கொடுக்கிறேன். முன்பு ஒரு நாளைக்கு ஐந்து ஜாக்கெட். இப்போது மூன்று. பரவாயில்லை.

உங்களுக்கும் காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், என்னைப் போலத் தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு வளையாமல் காப்பாற்றலாம் என்கிறார் என் டாக்டர்.

போன வாரம் பெரியம்மா மறுபடி வந்தார். அவருக்கு நானே அளவெடுத்து ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் லூசா இருக்கு தாயி" என்றார். உட்கார்ந்து, பிரித்து, மறுபடி தைத்தேன்.