ஆகியிருக்கலாம்

"நானும் டீச்சர் ஆகியிருக்கலாம்." அம்மாவைப் பற்றிய என் கவிதையொன்றின் கடைசி வரி இது. அம்மா சொன்னது, நான் எடுத்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு வாசிப்பு நிகழ்வுக்காக அந்தக் கவிதையை ஆங்கிலத்தில் நானே பெயர்க்க உட்கார்ந்தபோது இந்த ஒற்றை வரியில் மூன்று நாள் சிக்கிக்கொண்டேன்.

தமிழ்வழியில் படித்து, தமிழிலேயே முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை இன்றும் கொஞ்சம் பயத்தோடுதான் திறப்பேன்.

முதலில் 'மைட் ஹேவ்' போட்டேன். ஆகியிருக்கவும் கூடும், ஆகாமலும் போயிருக்கக் கூடும். யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி ஊகிப்பது போல இருந்தது. அடித்துவிட்டு 'குட் ஹேவ்' என்று எழுதி, ஆங்கிலத் துறைத் தோழியிடம் காட்டினேன். "இதுதான் சரி" என்றாள். இலக்கணப்படி சரிதான். ஆனால் 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ' என்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? கதவு திறந்துதான் இருந்தது, நீதான் வரவில்லை என்கிறார்கள். தமிழிலும் "சொல்லியிருக்கலாமே" என்று குத்திக்காட்டுவோம். பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ஊரே கேட்கிற கேள்வி அது. அம்மாவுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது? எட்டாம் வகுப்பில் பெரியவளானாள். அவளுடைய புத்தகப் பை தம்பிக்குப் போனது.

'ஷுட் ஹேவ்' போட்டால் நியாயம் கிடைக்கிறது. கூடவே, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவள் என்ற பழியும் வருகிறது.

அம்மாவையே போனில் கேட்டேன்.

"ஆகியிருக்கலாம்னா என்னம்மா அர்த்தம்?"

"இது ஒரு கேள்வியாடி? விட்டிருந்தா ஆகியிருப்பேன்."

'வுட் ஹேவ்'. அதற்கு ஒரு 'இஃப்' வேண்டும். அந்த 'இஃப்'புக்குள் ஓர் ஆளும் வேண்டும். இதே கவிதையில் மேலே ஓரிடத்தில் "படிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தேன். 'குட் நாட்.' முடியவில்லை என்பது என் சொல். நடந்தது விடவில்லை என்பது.

"யாரும்மா விடல? தாத்தாவா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. ஆச்சிதான்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பள்ளிக்கூடம் பக்கத்து ஊர்ல. காட்டுப் பாதை. பயந்திருப்பா."

பயந்திருப்பாள். இதற்கு 'மஸ்ட் ஹேவ்'தான். கண்ணால் பார்க்காவிட்டாலும் உறுதியாகச் சொல்வது. தனக்கு வெறும் 'கலாம்' போதுமென்று இருந்தவள், தன் அம்மாவுக்கு அவ்வளவு உறுதியான வினையைக் கொடுத்தாள். எனக்கு ஆச்சி மேல் வந்த கோபம் அப்படியே நின்றது. போகவில்லை.

ஆங்கிலத்தில் அந்த வரி இப்போது, 'ஐ வுட் ஹேவ் பிகம் எ டீச்சர், இஃப் தே ஹேட் லெட் மீ.' வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "மேடம், அந்த 'தே' யாரு?" என்றாள்.

அந்தக் காலம், குடும்பம், சமூகம் என்று என்னவோ சொன்னேன். ஆச்சி என்று வாயில் வரவில்லை.