வாயைப் பொத்திய கை

2020இல் கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டுத் திரிந்த காலத்தில்தான் எனக்கு அது முதலில் வந்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்க வரிசையில் நின்றேன். விரல் நுனி மரத்தது. சுற்றி நின்றவர்களின் பேச்சு, வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டுக் கேட்பது போலத் தேய்ந்தது. நானே என்னிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, யாரோ ஒரு வயசான பொம்பிளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தேன். "டீச்சர், என்ன செய்யுது?" என்றாள் பக்கத்துப் பெண். கேள்வி விளங்கியது, வார்த்தை வரவில்லை.

இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. கேஸ்டிக் என்று அக்கம்பக்கம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் தோட்டத்தில் பெண்களுக்கு எது வந்தாலும் கேஸ்டிக்தான். நானும் இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினேன்.

பிறகு ஓர் இரவு மணம் ஒன்று காட்டிக்கொடுத்தது. புளித்த ரப்பர் பால் மணம். அம்மாவின் கை.

1977 ஆவணியில் தமிழருக்கெதிரான கலவரம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. லயத்துக்கு நெருப்பு வைக்க வருகிறார்கள் என்றதும் ரப்பர் மலைக்குள் ஓடிப் படுத்தோம். நான் அழுதால் கேட்டுவிடும் என்று, பால் வெட்டுகிற தன் கையால் விடியும்வரை என் வாயைப் பொத்தியிருந்தாள் அம்மா. 43 வருஷம் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. கேட்டவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கதையாகச் சொல்லியிருக்கிறேன். முகக்கவசத் துணி ஈரமாகி உதட்டில் ஒட்டிய அன்றுதான் உடம்பு மட்டும் தனியாக ரப்பர் மலைக்குத் திரும்பிப் போனது.

பிள்ளைகளே, ஆபத்து வந்தால் உடம்பு எதிர்த்து நிற்கப் பார்க்கும், இல்லாவிட்டால் ஓடப் பார்க்கும். இரண்டுக்கும் வழியில்லாதபோது உறைந்துபோகும். மனசு மெல்லக் கழன்று வெளியே போய் நிற்கும். ஒன்பது வயசில் என்னைக் காப்பாற்றியது அந்த வித்தைதான். கேடு என்னவென்றால், ஆபத்து முடிந்தது என்று யாரும் உடம்புக்குச் சொல்வதில்லை. ஒரு மணம், ஒரு சத்தம், ஒரு துணி போதும், பழைய வித்தையை மறுபடி எடுத்துவிடும். இதை ஒரு நோயாக அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் கையேட்டில் எழுதியது 1980இல். எங்கள் லயத்துச் சனங்களுக்கு அதற்கு முன்பே அது தெரியும், பெயர்தான் வேறு. "பயந்துட்டா" என்போம், "காத்து பட்டிருக்கு" என்போம்.

கலவரம் மட்டுமல்ல, மண்சரிவும் உடம்பை இப்படித்தான் செய்யும். 2016 மே 17ஆம் திகதியை நீங்களே பார்த்திருப்பீர்கள். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாள் புளத்கொஹுபிட்டியில் களுபஹன தோட்டத்து லயத்தின்மேல் மண் இறங்கியது. அதன் பிறகு மே மாதம் வானம் கறுத்தால் இங்கே சிலரைக் கவனித்துப் பாருங்கள். அடையாள அட்டையைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தே விடிய வைப்பவர்கள் உண்டு. தகரத்தில் மழை விழுந்ததும் வயிறு கலங்கி ஓடுபவர்கள் உண்டு. காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிற ஆம்பிளைகள் உண்டு. அதையும் பயம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வகுப்பில் சுவரை வெறித்தபடி இருந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடும் பையனைச் சோம்பேறி என்று நானே ஏசியிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இவர்களிடம் "ஒன்றும் நடக்காது" என்று சொல்லாதீர்கள். மலை சரிகிற ஊரில் அது பொய். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் இடத்தை விட்டே போக வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. இன்றைக்கு எவ்வளவு பெய்திருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். பழைய பயத்துக்கும் இன்றைய பயத்துக்கும் நடுவில் அந்த இலக்கம் ஒரு வேலி மாதிரி நிற்கும்.

ஆள் உறைந்துபோய் இருந்தால் உலுக்காதீர்கள், கன்னத்தில் தட்டாதீர்கள். கேட்காமல் தொடவும் வேண்டாம். எந்தக் கை எந்தக் கையை நினைவூட்டும் என்று நமக்குத் தெரியாது. பெயரைச் சொல்லி, இது இன்ன இடம், இன்றைக்கு இன்ன திகதி என்று மெதுவாகச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைச் சீமெந்தில் ஊன்றச் சொல்லலாம், குளிர்ந்த தண்ணீர்த் தம்ளரைக் கையில் பிடிக்கக் கொடுக்கலாம். திருநீறு பூசினால் பூசட்டும், நானும் பூசிக்கொண்டவள்தான். வேப்பிலையால் அடிப்பது மட்டும் வேண்டாம். நெஞ்சு வலித்தால் முதலில் ஆஸ்பத்திரி. அடிக்கடி வந்தால் மனநல கிளினிக்; வீட்டிலிருந்தே பேச, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

அம்மா இறந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கடைசி மாதங்களில் தூங்கும்போது தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு கிடப்பாள். பல்லில்லாத வெட்கம் என்று நாங்கள் சிரிப்போம். ஒரு நாள் நான் கையை எடுத்துவிட்டேன். கண்ணைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.