பாறை எப்படி ஈரமாச்சு?

எங்கள் வீட்டு வாசலில் நான்கு ஜோடி இருக்கின்றன. எல்லாமே கடற்கரைப் பாறையில் நின்று தூண்டில் போடுவதற்கென்று ஒதுக்கியவை. மூன்று என்னுடையவை, ஒன்று அம்மாவுடையது. என் மூன்றுக்கும் ஆன செலவைக் கூட்டினால் நானூறு வெள்ளியைத் தாண்டும். அம்மாவுடையது பாசாரில் பத்து வெள்ளி சொச்சத்துக்கு வாங்கிய கறுப்பு ரப்பர் சப்பாத்து.

நான் கெபேங்கில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். வேலை கிடைத்து குவாந்தானில் வீடு எடுத்தபோது அம்மாவையும் தோட்டத்திலிருந்து அழைத்து வந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் பால்மரம் வெட்டியவருக்கு டாமானில் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருப்பது தண்டனை. ஒரு சனிக்கிழமை நான் தூண்டிலைக் காடியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, "நானும் வர்றேன் தம்பி, சும்மாதான இருக்கேன்" என்றார். தோட்டத்து ஆற்றில் மண்புழு கோத்து கெளுத்தி பிடித்தவர். அன்றிலிருந்து சனிக்கிழமை எங்கள் இரண்டு பேருடையது.

குவாந்தான் பக்கம் தூண்டில் போடுபவர்களுக்கு இரண்டு வகைப் பாறைகள் பழக்கம். தெலுக் செம்பெடாக்கில் கருங்கல் பாறைகள். உருண்டு திரண்டு, அலை தேய்த்துத் தேய்த்து யானை முதுகு மாதிரி இருக்கும். வடக்கே பெசெரா போகும் வழியில் பத்து ஹீத்தாம். பெயரே கறுப்புக் கல். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட். சின்னச் சின்னதாக உடைந்து, விளிம்புகளோடு கிடக்கும். ஒன்றில் கால் வழுக்கும், மற்றொன்றில் கால் பிசகும். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே காலணி எது என்று தேடியதுதான் என் முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் எல்லாரையும் போல சிலிப்பரில்தான் போனேன். சிலிப்பரில் அடிப்பாகம் வழுக்குவதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. நனைந்த பிறகு கால் சிலிப்பருக்குள்ளேயே வழுக்கும். பாறையின் சரிவில் எடையை முன்பக்கம் கொடுக்கும்போது வார் பிய்த்துக்கொண்டு வரும். எனக்கும் வந்தது. பக்கத்தில் நின்றிருந்த சீன அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சீனி லிச்சின் ஓ" என்றார். இங்கே வழுக்கும் என்பதை நான் உட்கார்ந்த நிலையில் கேட்டுக்கொண்டேன்.

அடுத்து, தொழிற்சாலையில் கொடுத்த பழைய சேஃப்டி பூட்ஸ். அதன் நாக்கில் 'எஸ்ஆர்சி' என்று அச்சிட்டிருக்கும். வழுக்காமல் இருக்கிறதா என்று இரண்டு விதமாகச் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். ஒன்று, சோப்பு நீர் ஊற்றிய பீங்கான் ஓட்டில். மற்றொன்று, கிளிசரின் தடவிய எஃகுத் தளத்தில். இதை நான் புது வேலையாட்களுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் கடற்பாறையில் சோப்பும் கிடையாது, கிளிசரினும் கிடையாது. அங்கே இருப்பது பாசி. உயிருள்ள, வழவழப்பான ஒரு படலம். ரப்பர் அடிப்பாகத்தின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளும், பாசியைத் தள்ளாது. ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவில் அது மசகு எண்ணெயாகவே வேலை செய்யும்.

அந்த பூட்ஸ் வழுக்கியதோடு நிற்கவில்லை. இரண்டு வருஷம் காடியின் பின்பெட்டியில் கிடந்தது. மூன்றாவது முறை பாறையில் நடந்தபோது அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக் காற்றிலும் வெப்பத்திலும் தானாகவே சிதையும். போடாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் சிதையும். நம் ஊரில் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் என்ன பஞ்சம்? வெளியே பார்க்கத் தோல் புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். அன்று ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக நான் கரையேறியதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு பெசெரா வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் முறையாகப் படித்தேன். ஜப்பானில் அலை மோதும் பாறைகளில் நின்று மீன் பிடிப்பது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அவர்கள் பாறைக்கு ஏற்ப அடிப்பாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாசி படர்ந்த வழவழப்பான கல்லுக்கு ஃபெல்ட், அதாவது அடர்த்தியாக அழுத்திய கம்பளித் துணி போன்ற ஒன்று. அதன் இழைகள் பாசிக்குள் புகுந்து கல்லின் நுண்ணிய மேடு பள்ளங்களைப் பற்றும். கரடுமுரடான பாறைக்கும் தடித்த பாசிக்கும் உலோக ஆணிகள். ஆனால் காய்ந்த, வழவழப்பான கருங்கல்லில் வெறும் ஆணி ஐஸில் நடப்பதுபோலச் சறுக்கும். இரண்டையும் சேர்த்து ஃபெல்ட்டுக்குள் ஆணி பதித்ததும் உண்டு. ஃபெல்ட்டிலும் குறை இருக்கிறது. சேற்றில் வழுக்கும், சீக்கிரம் தேயும், காய நாளாகும். காயாத ஃபெல்ட்டில் ஓர் ஆற்றின் பாசி இன்னோர் ஆற்றுக்குப் பயணம் போய்விடும் என்பதால் நியூசிலாந்து 2008இல் நன்னீர் மீன்பிடிப்பில் ஃபெல்ட் அடிப்பாகத்தையே தடை செய்தது.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டாம், தண்ணீர் நிறைந்தால் காலில் கட்டிய வாளி. குரோக்ஸ் வேண்டாம், முதல் அலையிலேயே கழன்று மிதக்கும். கணுக்காலைப் பிடிக்க வேண்டும், தண்ணீர் உள்ளே வந்தால் வெளியே போக ஓட்டை வேண்டும், விரல் நுனி மூடியிருக்க வேண்டும். இப்படி ஓர் அட்டவணை போட்டு, மதிப்பெண் கொடுத்து, கடைசியில் 280 வெள்ளிக்கு ஃபெல்ட் ஆணிச் சப்பாத்து ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வந்த அன்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன். ஓட்டில் கீறல் இன்னும் இருக்கிறது.

"உங்களுக்கும் ஒன்னு வாங்கவாம்மா?"

"எனக்கு எதுக்கு? இது இருக்குல்ல."

'இது' என்று அவர் காட்டியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் உருண்டை உருண்டையாகக் குமிழ்கள். இதை இப்போது 'அடிடாஸ் கம்போங்' என்று கிண்டலும் பெருமையுமாகச் சொல்கிறார்கள். மலையேறுபவர்கள் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அது அம்மாவின் காலை ஐந்து மணி. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடிவதற்கு முன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். நெற்றியில் விளக்கு, கையில் உளி, காலில் இது.

பதினான்கு வயதில் பள்ளிப் பாட வேலைக்காக நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். டவுனில் இருப்பவர்கள். அவர்கள் வருவதற்கு முன் வாசலில் கிடந்த அந்தச் சப்பாத்தை எடுத்துக் குளியலறைக்குப் பின்னால் விறகு மறைவில் வைத்தேன். பால் நாற்றம் வேறு. அவர்கள் போன பிறகு எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை அம்மா டார்ச் அடித்து வாசலில் தேடுவது கேட்டது. நாய் இழுத்துப் போய்விட்டதா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். எழுந்து சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சிலிப்பரிலேயே போனார். மத்தியானம் முழங்காலில் சேறோடும் சிராய்ப்போடும் வந்தார். சாயங்காலம் சப்பாத்து வாசலில் இருந்தது. யார் எடுத்து வைத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடந்த பிப்ரவரியில் நடந்ததற்கு வருகிறேன். கிழக்குக்கரையில் நவம்பரில் தொடங்கும் பருவமழை அதற்குள் ஓய்ந்துவிடும். வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும். ஆனால் அலையின் கோபம் உடனே தணியாது. அன்று தெலுக் செம்பெடாக் பக்கம் போனோம். வழக்கமாக நிற்கும் பாறையிலிருந்து இரண்டு பாறை தள்ளி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்று. அதிலிருந்து வீசினால் ஈயம் ஆழத்தில் விழும். சிலிப்பர் காலத்தில் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. புதுச் சப்பாத்து காலில் இருந்ததால் நேராக அதை நோக்கி நடந்தேன்.

அம்மா மேலே காய்ந்த பாறையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பாறை ஈரமா இருக்கு பாரு."

"தெரியும்மா. இந்தச் சப்பாத்து ஈரத்துக்குத்தான்."

"அதில்லடா. ஒரு வாரமா மழையே இல்ல. பாறை எப்படி ஈரமாச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. கேள்வி காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. சப்பாத்து அற்புதமாகப் பிடித்தது. பச்சைப் பாசியின் மேல் சிமெண்டுத் தரையில் நிற்பதுபோல நின்றேன். பிறகு வரிசையாக மூன்று அலை. முதலாவது கணுக்காலை நனைத்தது. இரண்டாவது இடுப்புக்கு வந்தது.

என் கால் வழுக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்கிறேன். அடிப்பாகம் கடைசி வரை பாறையைப் பிடித்தபடி இருந்தது. பாதம் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் வெட்டிய மரம் மாதிரி சாய்ந்தது. நல்ல வேளையாகக் கரைப் பக்கம் விழுந்தேன். தண்ணீர் திரும்பி ஓடும்போது என்னையும் இழுத்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே இடுக்கில் சிக்கி நின்றேன். "எந்திரிக்காத! படுத்துக்க! பிடிச்சுக்க!" என்று அம்மாவின் குரல். மூன்றாவது அலை தலைக்கு மேல் போனது. அது வடிந்ததும் தவழ்ந்து மேலே வந்தேன். தூண்டில் போய்விட்டது. பாறையில் ஒட்டியிருந்த தெரித்திப் சிப்பிகள் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்திருந்தன. கடல் நீரில் சிப்பி கிழித்த காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும் என்று கிளினிக்கில் நன்றாகக் கழுவி, ஊசி போட்டு, ஒரு வாரத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள்.

அம்மா கீழே இறங்கி வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். கேட்டபோது, "நானும் எறங்கியிருந்தா ரெண்டு பேரு போயிருப்போம்" என்றார். சொன்ன பிறகு வெகுநேரம் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாம் ஆண்டில் படித்ததுதான். உராய்வு விசை என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று மியூ, இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு. மற்றொன்று, உடம்பு தரையை அழுத்தும் விசை. சப்பாத்து வாங்கும்போது நாம் காசு கொடுப்பது மியூவுக்கு மட்டும். தண்ணீர் இடுப்பளவு ஏறினால் அது நம்மைத் தூக்கும், கால் உணரும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். என் 78 கிலோவில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. ஓடும் நீர் தள்ளும் விசையோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இவ்வளவும் போக, பிடித்துக்கொண்டிருக்கும் காலை அச்சாக வைத்து அலை என்னைக் கவிழ்த்தது. 280 வெள்ளிச் சப்பாத்து தன் வேலையைச் சரியாகவே செய்தது. அது செய்த வேலை எனக்குத் தேவைப்பட்ட வேலை அல்ல.

கூச்சமான விஷயம் இன்னொன்று. திங்கட்கிழமை காலைகளில் வேலையாட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர்களில் நானும் ஒருவன். வெள்ளைப் பலகையில் தலைகீழ் முக்கோணம் ஒன்று வரைவேன். மேலே, ஆபத்தையே நீக்கு. அடுத்து, மாற்று. அடுத்து, தடுப்பு வை. அடுத்து, வேலை முறையைத் திருத்து. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி நுனியில்தான் சப்பாத்து, கையுறை, தலைக்கவசம். கடைசி நுனியிலிருந்து தொடங்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன், அட்டவணை போட்டு அந்த நுனியிலேயே நின்றிருக்கிறேன். ஈரச் சரிவுகளில் இருபத்தாறு வருஷம் இருட்டில் நடந்த அம்மா முக்கோணத்தின் மேல் கோட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அம்மாவின் ரப்பர் சப்பாத்துதான் சிறந்தது என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் அது பொய். அந்தக் குமிழ்கள் சேற்றில் கவ்வும், பாசியில் வழுக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகாது. அம்மாவுக்கே அது தெரியும். "இது மண்ணுக்கு. பாசிக்கு இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவர் பாசி இருக்கும் இடத்துக்கே போவதில்லை. புதுப் பாறையில் எடையைக் கொடுப்பதற்கு முன் முன்னங்காலால் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். தன் சப்பாத்தால் எது முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னுடையதை எதுவரை நம்பலாம் என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது போனவுடன் தூண்டிலை எடுப்பதில்லை. அரை மணி நேரம் அலையைப் பார்க்கிறோம். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கடல் சாதுவாக இருக்கும். அந்தச் சாதுவை நம்பக் கூடாது. பாறையின் நிறத்தைப் பார்க்கிறோம். வெளிறிய சாம்பல் நிறம் என்றால் அலை தொடாத இடம். கறுப்புப் பட்டை தொடங்கும் இடம் அலையின் சாரல் எட்டும் எல்லை. நனைந்தால் அதுவே வழுக்கும். பச்சை என்றால் அது கடலுடையது. இடம் முடிவான பிறகுதான் காலில் எது என்ற பேச்சு. பத்து ஹீத்தாமுக்கு ஆணி வைத்தது, கருங்கல்லுக்கு ஃபெல்ட் மட்டும் உள்ள மூன்றாவது ஜோடி. இரண்டு பேருக்கும் உயிர்காப்பு மேலங்கி வாங்கிவிட்டேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டு "கங்காணி மாதிரி இருக்கு" என்கிறார்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றியவன், கறுப்பு ரப்பரைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஹைக்கிங் எல்லாம் போவீங்களா?" என்று கேட்டான்.

"இல்லய்யா. பால்மரம் வெட்டுனேன்" என்றார் அம்மா. "இப்ப மீன் பிடிக்கப் போறேன்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. அவன் போன பிறகு நான்கு ஜோடியையும் குழாயடியில் உப்புப் போகக் கழுவினேன். அம்மாவுடையதை முதலில் கழுவி, விடிந்தால் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து, வாசல் படியின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தேன்.