வேலிமுள்

மே மாதத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் போனால் வேலிகள் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதுதான் ஹோதோர்ன். நம்மில் பலர் அதைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறோம். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று யோசித்ததில்லை.

அந்தப் பெயருக்குள்ளேயே வேலி இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹாக' என்றால் வேலி, அடைப்பு. கிளுவைக் கதியால் நட்டு எல்லை அடைத்த யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதல்ல. இங்கே தண்டை அடியில் பாதி வெட்டிச் சரித்துவிடுவார்கள். சரிந்த தண்டு சாகாது. அடியிலிருந்து புதுத் தளிர் விட்டு, ஆடு மாடு நுழைய முடியாத முள்வேலியாக அடர்ந்துவிடும்.

இந்த அழகான வேலிக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1604 முதல் 1914 வரை ஏறத்தாழ 5,200 அடைப்புச் சட்டங்கள் வழியாகச் சுமார் 68 இலட்சம் ஏக்கர் நிலம் அடைக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி, ஏழைகள் மாடு மேய்த்து விறகு பொறுக்கிய பொதுநிலமும் ஊரார் பங்கிட்டு உழுத திறந்த வயல்களும். அடைத்தவர்கள் மைல் கணக்கில் நட்டது ஹோதோர்னைத்தான். மலிவானது, விரைவாக வளர்வது, முள் நிறைந்தது. நிலத்தை இழந்து நகரத்துக்குப் போனவர்களின் கதை நமக்கு அந்நியமானதல்ல.

பூங்காக்களில் நிற்பது வேறு முகம். 19ஆம் நூற்றாண்டில் பரவிய 'போல்ஸ் ஸ்கார்லெட்' வகை, அடுக்கடுக்காகச் சிவந்த பூப் பூக்கும். காய்ப்பது மிகக் குறைவு. பறவைகளுக்கு வேண்டியது காட்டு மரம்தான். குளிர்காலத்தில் ஸ்கண்டிநேவியாவிலிருந்து வரும் பறவைக் கூட்டங்கள் அதன் சிவந்த பழங்களைத் தின்று பசியாறும். விதை முளைக்கப் பெரும்பாலும் இரண்டு குளிர்காலங்கள் மண்ணில் கிடக்க வேண்டும்.

அம்மாவுக்கு இதயம் பலவீனமானபோதுதான் இந்த மரம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி, பூவும் இலையும் உலர்த்திய தேநீர்ப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். இதயத்துக்கு நல்லது என்றார். ஒரு நாளைக்கு ஒன்பது குளிசை விழுங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, இந்த நாட்டில் முதன்முறையாக விளங்கிய மருந்து அதுதான்.

"இலையைப் போட்டு அவிச்சுக் குடிக்கிறது எனக்குத் தெரியும் தம்பி. இந்தக் குளிசையளுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

பதில் சொல்வது எளிதாக இருக்கவில்லை. ஐரோப்பாவில் இது நூறாண்டுக்கு மேலாக இதய மருந்தாகப் புழங்குகிறது. ஜெர்மனியில் மருந்துக்கடைகளிலேயே விற்கிறார்கள். ஆனால் 2,681 இதய நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு இதன் சாற்றைக் கொடுத்தபோது பெரிய பாதகம் எதுவும் தெரியவில்லை. மரணம், மாரடைப்பு, மருத்துவமனை அனுமதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது அவை குறிப்பிடும்படி குறையவுமில்லை. அம்மா குடித்துக்கொண்டிருந்த டிகொக்சின் போன்ற மருந்துகளோடு இதை மருத்துவரைக் கேளாமல் சேர்க்கக்கூடாது என்பதே பொதுவான அறிவுரை.

பொட்டலத்தை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. வேண்டாம் என்றார், ஏன் என்றும் பொறுமையாகச் சொன்னார். அந்த விளக்கத்தை நான் தமிழில் சொல்ல, அம்மா கடைசிவரை கேட்டார். அவருடைய குளிசைகளைப் பற்றி அதற்கு முன் யாரும் அவருக்கு அப்படி விளக்கியதில்லை. தேநீரை நிறுத்தினார். குளிசைகளை, எது எதற்கு என்று கேட்டு, ஒழுங்காக விழுங்கத் தொடங்கினார்.

நம் வீடுகளில் எத்தனையோ பெற்றோர் வெந்தயம், மருதம்பட்டை, வேறெதையோ மருத்துவருக்குத் தெரியாமல் குடித்து வருகிறார்கள். பழிப்பார்களோ என்ற வெட்கம்தான் பாதிக் காரணம். பொட்டலத்தை மேசையில் வைத்துவிடுவது நல்லது.

அடுத்த மே மாதம் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். பூவைப் பக்கத்தில் நின்று மணந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். அழுகும் இறைச்சியில் உண்டாகும் ட்ரைமெத்திலமீன் என்ற பொருள் அந்தப் பூவிலும் உண்டு. இதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்பது ஆங்கிலேயக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது.

"வேலிமுள்ளு வேலியிலயே நிக்கட்டும்" என்றார். நாங்கள் இன்றும் அந்த மரத்தை அப்படித்தான் அழைக்கிறோம்.