மாமியாரும் தொண்ணூறு டிகிரியும்

ஐம்பது வயதைத் தாண்டிய நாலு ஸ்திரீகள் கல்யாண வீட்டில் சந்தித்துக் கொண்டால், ஒரு காலத்தில் புடவை விலையைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது, "உங்களுக்கு ஒன்றா, இரண்டா?" என்று கேட்டுக் கொள்கிறார்கள். பேரன் பேத்திகளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்களாக்கும் என்று நாம் நினைப்போம். அதெல்லாம் இல்லை, மாற்றிக் கொண்ட முழங்கால் மூட்டுகளின் கணக்கு அது! பிறகு எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை லட்சம் என்று பேச்சு வளரும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஏழெட்டு வாரம் எப்படிப் போயிற்று என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும். ஆகவே நான் சொல்லி விடுகிறேன்.

என் மாமியாருக்கு 68 வயது. இடது முழங்கால் பத்து வருஷமாகத் தகராறு செய்து கொண்டிருந்தது. முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், விதவிதமான தைலங்கள் எல்லாம் ஆயிற்று. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், மூட்டில் தெரிய வேண்டிய இடைவெளியையே காணோம். எலும்போடு எலும்பு உரசிக் கொண்டிருந்தது. ஆனாலும் ஆபரேஷன் என்றதும், "மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விட்டார்.

கடைசியில் அவர் மனத்தை மாற்றியவர் வாஜ்பாய். பிரதம மந்திரியாக இருந்தபோதே, 2000 அக்டோபரில் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும், மும்பை ப்ரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் அவர் மூட்டு மாற்று சிகிச்சை செய்து கொண்டார். நியூயார்க்கிலிருந்து வந்து செய்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். பத்திரிகைக்காரி என்ற முறையில் இந்த விவரங்களை நான் எடுத்துச் சொன்னதும் அத்தை யோசித்தார். "அவர் அந்தக் காலோடு தேசத்தையே நிர்வாகம் பண்ணினார். எனக்கு இந்தச் சமையலறைதானே! சரி, டாக்டரிடம் சொல்லிவிடு" என்றார்.

முழங்காலையே கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள் என்று அவர் பயந்து கொண்டிருந்தார். விஷயம் அப்படியில்லை. தேய்ந்து போன எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, மேலெலும்புக்கும் கீழெலும்புக்கும் உலோகக் கவசம் போட்டு, நடுவே வழவழப்பான பாலிஎதிலீன் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று பாத்திரக் கடையில் கேட்கிற மாதிரி கேட்டார். 2019-ல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சிப்படி, மாற்றிய மூட்டுகளில் 100-க்கு 82, இருபத்தைந்து வருஷம் தாங்குகின்றன. "அப்போது எனக்கு 93. போதும்" என்றார் அத்தை.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. மறு நாளே வாக்கரைப் பிடித்துக் கொண்டு நிற்க வைத்து விட்டார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பினோம். கூடவே ஒரு காகிதமும் வந்தது. அதில் அரை டஜன் தேகப் பயிற்சிகள். பிஸியோதெரபி செய்ய வீட்டுக்கு வந்த பெண் மிகவும் சின்னவள். அவள் கறாராகச் சொன்னாள்: "டாக்டர் மூட்டை மாற்றிக் கொடுத்து விட்டார், பாட்டி. அதை மடக்குவதும் நீட்டுவதும் உங்கள் வேலை. முதல் இரண்டு மாதம்தான் கணக்கு. அதற்குள் விடாமல் மடக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகிப் போகும். அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

பள்ளிக்கூட ஜியோமிதிப் பெட்டியில் இருக்குமே கோணமானி, அதற்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். அளந்து பார்த்து, "60 டிகிரி" என்றாள். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்கவும், மாடிப்படி ஏறவும் குறைந்தது 90 டிகிரியாவது வேண்டுமாம். அன்று முதல் எங்கள் வீட்டில் டிகிரி என்றால் பி.ஏ.யும் இல்லை, மே மாத வெயிலும் இல்லை, அத்தையின் முழங்கால்தான்.

இந்தத் தொண்ணூறு டிகிரிக்குப் பெரிய விரோதி எது தெரியுமா? வலி என்று நினைப்பீர்கள். வலிக்கு மாத்திரை இருக்கிறது. பயிற்சிக்கு அரை மணி முன்னால் கொடுத்து விட்டு, முடிந்ததும் துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கால் மணி நேரம் வைத்தால் கட்டுப்படுகிறது. பெரிய விரோதி, பிரியம்! நாத்தனார் வந்தாள், அம்மாவின் முழங்காலுக்கு அடியில் மெத்தென்று தலையணை வைத்தாள். அதில் சுகம் உண்டு. ஆனால் கால் வளைந்தபடியே இறுகி, நேராக நீட்ட வராமல் போய்விடும். தலையணையை எடுத்துவிட்டு, தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரரோ அம்மா "ஸ்ஸ்" என்றாலே, "இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடேன், பாவம்" என்று கெஞ்சுவார். எதிர் பிளாட் அம்மாள், என் காதில் விழும்படியாகவே, "எங்கள் காலத்தில் வியாதிக்காரர்களைப் படுக்க வைத்துக் கஞ்சி கொடுப்பார்கள். இங்கே ஹால் பூராவும் பரேடு நடக்கிறது!" என்றார்.

மூன்றாவது வாரம் கோணமானி 75-ல் நின்று விட்டது. நாலு நாளாக ஒரு டிகிரி கூட நகரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிவதைப் பார்த்துப் போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் ஈரம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குத் தூக்கம் சரியாக வராது என்று படித்திருந்தேன்; அதனால்தான் என்று நினைத்தேன்.

"வலிக்கிறதா, அத்தை? காலையில் பயிற்சி வேண்டாமா?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் அம்மாவை நினைத்துக் கொண்டேன். அவளுக்கும் இதே கால்தான். கடைசி ஆறு வருஷம் ரேழி உள்ளை விட்டு அவள் வெளியே வரவில்லை. யாரும் குறை வைக்கவில்லையம்மா. தட்டில் சாப்பாடு வரும், டம்ளரில் காப்பி வரும். 'நீ எழுந்திருக்காதே, நீ எழுந்திருக்காதே' என்று எல்லோரும் சொல்லிக் கொண்டே இருந்தோம். நானும்தான் சொன்னேன். அப்புறம் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "காலையில் ஆறு மணிக்கே எழுப்பு. நான் திட்டினால் காதில் போட்டுக் கொள்ளாதே."

ஆறு மணிக்கு எழுப்பினேன். திட்டினார். காதில் போட்டுக் கொள்ளவில்லை. அந்த வார முடிவில் 82. ஆறாவது வாரம் 92! என் வீட்டுக்காரர் ஜாங்கிரி வாங்கி வந்தார்.

மாடிப்படிக்கு ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு நான் வந்த அன்று, "வலது காலை எடுத்து வைத்து வாம்மா" என்று வாசலில் நின்று சொன்னவர் அத்தை. இப்போது கீழ்ப் படியில் அவர், பின்னால் நான். "வலது காலை எடுத்து வையுங்கள், அத்தை" என்றேன். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

வீட்டையும் தரையிலிருந்து சற்று மேலே தூக்க வேண்டியிருந்தது. நம் குடும்ப வாழ்க்கையில் பாதி தரையில்தானே நடக்கிறது! அரிவாள்மணை பரணுக்குப் போயிற்று. மேஜையும் கத்தியும் வந்தன. சம்மணம் போடுவதும் குந்துவதும் கூடாது என்று எங்கள் டாக்டர் உத்தரவு. குளியலறையில் பிடித்துக் கொள்ளக் கம்பி அடித்தோம். கால் தடுக்கும் மிதியடிகளையெல்லாம் சுருட்டி வைத்தோம்.

தெரிந்து கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று. சில வாரங்களுக்கு வீக்கமும் கதகதப்பும் இருக்கும். தழும்புக்கு வெளிப் பக்கம் மரத்திருக்கும். நடந்தால் 'டிக் டிக்' என்று சத்தம் கூடக் கேட்கும். இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் ஜுரம், தையலில் கசிவு, நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் இவற்றில் எது தென்பட்டாலும், நல்ல நேரம் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மூச்சுத் திணறினால் நேரே ஆஸ்பத்திரிதான். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கக் கூடும். மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பது அதற்காகத்தான்.

இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. 110 டிகிரி. அத்தை தனியாகக் கறிகாய் வாங்கப் போய்வருகிறார். காய்காரனிடம் பேரம் பேசுவதில் பழைய பலம் முழுக்கத் திரும்பிவிட்டது. போன வாரம் எதிர் பிளாட் அம்மாள் மெல்ல வந்து உட்கார்ந்தார். அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். அடுத்த மாதம் தேதி குறித்தாயிற்று. எந்த டாக்டர் தேவலை என்று அத்தையிடம் யோசனை கேட்டார்.

"டாக்டர் கிடக்கட்டும், நல்லவராகப் பார்த்து யாரிடம் வேண்டுமானாலும் பண்ணிக் கொள்ளுங்கள்" என்றார் என் மாமியார். "வீட்டுக்கு வந்த பிறகு சொல்லி அனுப்புங்கள். காலை ஆறு மணிக்கு எங்கள் மருமகளை அனுப்பி வைக்கிறேன்!"