மகள் தேடிய புத்தகம்

உங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் எங்கள் வீட்டில் நடந்த இந்தச் சங்கதியைக் கொஞ்சம் கேளுங்கள்.

சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கினார்கள். இன்று அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை; செம்பனைதான் நிற்கிறது. என் மகள் முதுகலைப் பட்டத்துக்குத் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டாள். "நம்ம கதைதானேம்மா" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஓர் இரவு கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம், சிலிம் ரிவர் தோட்டப் பள்ளிகளைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். அரை நிமிடத்தில் ஐந்து தலைப்புகள் வந்தன. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அதில் ஒன்று நம் வட்டாரத்துப் பள்ளிகளைப் பற்றியே தனி நூல்! "அம்மா, யாரோ நம்மளப் பத்தி எழுதியிருக்காங்க!" என்று கூவினாள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பா படித்த பலகைக் கொட்டகைப் பள்ளிக்கூடம் புத்தகத்தில் ஏறிவிட்டதே என்று பூரித்துப் போனேன்.

அவளும் அந்த நூலைத் தன் அத்தியாயத்தில் குறிப்பிட்டு எழுதிவிட்டாள். பேராசிரியரிடம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, நூலை நேரில் பார்த்துவிடலாம் என்று பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள். நூலகர் அம்மையார் தேடினார். அங்கே இல்லை, மற்றப் பல்கலைக்கழகப் பட்டியல்களிலும் இல்லை. அப்படி ஒரு புத்தகமே வெளிவரவில்லை! ஐந்து தலைப்புகளில் மூன்று இப்படித்தான்.

இது எப்படி நடக்கிறது? அந்தச் செயலி எந்த அலமாரியையும் திறந்து பார்க்கவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகி வைத்திருக்கிறது. கேட்டவுடன், இருக்கக்கூடியது போன்ற ஒரு தலைப்பைக் கோத்துக் கொடுத்துவிடுகிறது. படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், நடக்காத ஆறு வழக்குகளை இப்படி நம்பி மேற்கோள் காட்டப் போய், 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள்.

அதற்காக இந்தக் கருவிகளே வேண்டாம் என்று நூலகர் சொல்லவில்லை. வேறு வகை ஒன்றைக் காட்டினார். 2024இல் வந்த ஸ்கோபஸ் ஏஐ போன்றவை முதலில் தங்கள் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரைகளைத் தேடி எடுத்து, அவற்றைக் கொண்டே பதில் எழுதுகின்றன. எந்த வரி எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்று எண் போட்டும் காட்டுகின்றன. ஆனால் அது பார்ப்பது கட்டுரையின் சுருக்கத்தைத்தான்; முழுக் கட்டுரையை நாம்தான் திறந்து படிக்க வேண்டும். தமிழில் எழுதியவையும் பழைய நூல்களும் அதில் கிடைப்பது அரிது. அவற்றுக்கு நூலகப் பட்டியல்தான் வழி.

அந்தப் பட்டியலில்தான் மலாயா இந்தியர்களைப் பற்றிக் கே. எஸ். சந்து எழுதிய 1969ஆம் ஆண்டு நூலும், தோட்டத் தமிழர்களைப் பற்றி ரவீந்திர ஜெயின் எழுதிய 1970ஆம் ஆண்டு நூலும் அகப்பட்டன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதையும் மகள் படித்தறிந்தாள். அப்பாவின் கொட்டகைப் பள்ளி எப்படி வந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

சிலிம் ரிவர் என்று தேடினால் என்ன வருகிறது தெரியுமா? 1942 ஜனவரி 7ஆம் தேதி நடந்த போர். ஜப்பானிய டாங்கிகள் நம் சாலையில் வந்த கதைதான் பக்கம் பக்கமாக வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகள் முகம் வாடிவிட்டது. நூலகர் சிரித்துக்கொண்டே, "இல்லைங்கிறதும் ஒரு பதில்தாம்மா. யாரும் எழுதாததை நீ எழுதப் போற" என்றாராம்.

1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய அதே ஆண்டில், தனிநாயகம் அடிகள் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டியைத் தொகுத்து வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்து வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் தேட முடிந்தது. எவ்வளவு கெட்டிக்கார இயந்திரமானாலும் யாரும் எடுத்து வைக்காததை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

அன்று மாலை அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அவருடைய பள்ளிச் சான்றிதழ், பள்ளி ஆண்டு விழா மலர், கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. பழைய குப்பை என்று போன தீபாவளிக்குத் தூக்கிப் போட இருந்தவை! மகள் அவற்றைப் படியெடுத்து நூலகத்தில் சேர்த்துவிட்டாள். பொய்த் தலைப்பு இருந்த இடத்தில் இப்போது தாத்தாவின் ஆண்டு விழா மலர் இருக்கிறது.

வாசகர்களே, பிள்ளைகள் ஒரு தலைப்பைக் காட்டினால், "அந்தப் புத்தகத்தைப் பார்த்தியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியே உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.